புக்தல் குகை மடாலயத்துக்கு நடந்து போக முழுமையான வழிகாட்டி

லடாக்கின் தெற்குப் பக்கம், ஜான்ஸ்கர் பகுதியில் லுங்நாக் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் அடியில் சராப் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையில் இயற்கையாக அமைந்த பெரிய குகை ஒன்று. அந்தக் குகை வாயிலில் தொடங்கி, மண்ணும் கல்லும் மரமும் கொண்டு கட்டிய வெள்ளை அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறையைப் பற்றிக்கொண்டு இறங்குகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் குளவி கட்டிய மண்கூடு போலத்தான் இருக்கும். அதுதான் புக்தல் மடாலயம். உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,850 மீட்டர். வாசல்வரை வண்டி போகாது. துறவிகள் சாப்பிடும் அரிசி பருப்பிலிருந்து அடுப்பெரிக்கும் சாமான் வரை குதிரை, கழுதை முதுகிலோ மனிதர் முதுகிலோதான் போய்ச் சேர வேண்டும்.

முன்பெல்லாம் இங்கே போக வேண்டுமென்றால் இமாசலத்தின் தார்ச்சாவிலிருந்தோ ஜான்ஸ்கரின் தலைமை ஊரான பதுமிலிருந்தோ நாள்கணக்கில் நடக்க வேண்டும். இப்போது சாலை பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டதால், நடை ஒரு காலைப்பொழுதாகச் சுருங்கிவிட்டது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் இந்தப் பயணத்தில் ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. நடந்து போன காலத்தில் உடம்பு தானாகவே மெல்ல மெல்ல உயரத்துக்குப் பழகியது. இப்போது மணாலியில் காலை டிபன் சாப்பிட்டவர் அன்று மாலையே 5,000 மீட்டர் கணவாயைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இந்த வழிகாட்டியில் நடைபாதையைப் பற்றிச் சொல்வதைவிட, அந்தப் பாதையின் தொடக்கத்துக்கு எப்படி நிதானமாகப் போய்ச் சேருவது என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எப்போது போவது

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை போகலாம். என்னைக் கேட்டால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் ஜான்ஸ்கரில் பெரிய மழை இருக்காது, அது மழைமறைவுப் பகுதி. ஆனால் அங்கே போகும் வழி இமாசலம் வழியாக. மண்டி, குலு, மணாலிச் சாலையில் மழைக்காலத்தில் மண்சரிவு சர்வசாதாரணம். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருக்கெடுத்து அந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது பலருக்கும் நினைவிருக்கும். செப்டம்பரில் மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். பார்லி அறுவடையும் அந்தச் சமயத்தில்தான். ஊரே வயலில் இருக்கும். இரவுக் குளிர் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

குளிர்காலத்தில் போவது வேறு வகைப் பயணம். அனுபவமுள்ள உள்ளூர்க்காரர் துணையில்லாமல் அதை நினைக்கவே வேண்டாம்.

எந்த வழி

இரண்டு பக்கமிருந்தும் வரலாம். ஒன்று தெற்கிலிருந்து: டெல்லி, மணாலி, அடல் சுரங்கப்பாதை, கேலாங், தார்ச்சா, ஷிங்கு லா கணவாய், நடை தொடங்கும் ஊரான புர்னே. இன்னொன்று வடக்கிலிருந்து: விமானத்தில் லே, அங்கிருந்து கார்கில் வழியாகவோ நிம்மு வழியாகவோ பதும், அப்புறம் புர்னே.

சென்னை, மதுரை, கோவைப் பக்கமிருந்து போகிறவர்களுக்கு லே வழி சுலபம் போலத் தெரியும். டெல்லியில் விமானம் மாறினால் காலையிலேயே லேயில் இறங்கிவிடலாம். ஆனால் லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். நம் ஊட்டி 2,240 மீட்டர்தான். கடற்கரை ஊரிலிருந்து சில மணி நேரத்தில் அங்கே போய் இறங்கினால், இரண்டு முழு நாள் ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பதுதான் வைத்தியம். அந்த இரண்டு நாளையும் ஒதுக்க முடியுமென்றால் லே வழியாகத் தாராளமாகப் போங்கள். கார்கிலிலிருந்து பதும் போகும் வழியில் பென்சி லா கணவாயில் நின்று திராங் துருங் பனியாற்றைப் பார்க்கலாம். அதற்காகவே அந்த வழியில் போகிறவர்கள் உண்டு.

நான் சிபாரிசு செய்வது மணாலி வழி. உயரம் படிப்படியாகக் கூடும் என்பதுதான் காரணம். மணாலி 2,050 மீட்டர், கேலாங் 3,100, ஜிஸ்பா 3,200. இந்தப் படிகளில் நின்று நின்று ஏறினால் உடம்பு முரண்டு பிடிக்காது.

முதல் கட்டம்: மணாலியிலிருந்து ஜிஸ்பா

டெல்லியிலிருந்து மணாலிக்கு இரவு வால்வோ பஸ் 12 முதல் 14 மணி நேரம் எடுக்கும். வந்த அன்றே மேலே கிளம்பாதீர்கள். பஸ்ஸில் தூங்கியும் தூங்காமலும் வந்த உடம்பு அது. ஒரு இரவு மணாலியில் தங்குங்கள்.

மறுநாள் காலை அடல் சுரங்கப்பாதை. 2020 அக்டோபரில் திறந்தார்கள், நீளம் 9.02 கிலோமீட்டர். முன்பு ரோதாங் கணவாய் ஏறி இறங்க அரை நாள் போய்விடும். இப்போது சில நிமிடத்தில் மறுபுறம் வந்துவிடுகிறோம். உள்ளே நுழையும்போது தேவதாரு மரங்கள், வெளியே வந்தால் மரம் குறைந்த லாஹுல் மலைகள். கேலாங்குக்கு முன்னால் சந்திரா ஆறும் பாகா ஆறும் சேரும் தாண்டி என்ற இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. சொந்த வண்டியிலோ பைக்கிலோ போகிறவர்கள் அங்கே டேங்கை முழுதாக நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஷிங்கு லா வழியில் பங்க்கை எதிர்பார்க்கக் கூடாது.

கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள். "இரண்டா? ஒன்று போதாதா?" என்று கூட வருகிறவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார். போதாது. முதல் இரவு உடம்பு ஓய்வெடுக்க. அடுத்த நாள் கேலாங்குக்கு எதிர்க்கரையில் சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் கர்தாங் மடாலயத்துக்கு மெதுவாக ஏறிப் பார்த்துவிட்டு, கீழே வந்து தூங்குங்கள். பகலில் உயரத்துக்குப் போய் இரவில் தாழ்வான இடத்தில் தூங்குவதுதான் உடம்பைப் பழக்கும் முறை. புக்தலுக்கு முன்னால் ஒரு மடாலயம் பார்த்தது போலவும் ஆயிற்று.

உயர நோய்: இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்

வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறியவர்கள், பர்வதமலையில் கடப்பாரைப் படியேறியவர்கள் பலர், "நமக்கு மலை பழக்கம்தானே" என்று கிளம்புவார்கள். கால் பழகியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த மலைகளில் காற்று இந்த அளவுக்குக் குறையாது. புக்தல் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 62 சதவீதம். ஷிங்கு லா உச்சியில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இதற்கும் உடற்பயிற்சிக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஜிம்முக்குப் போகும் இருபத்தைந்து வயதுக்காரர் படுத்துவிடுவார், கூட வந்த அறுபது வயது அத்தை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அசதி, இவைதான் முதல் அறிகுறிகள். இந்த நிலையில் இன்னும் மேலே போகக் கூடாது, அவ்வளவுதான். அங்கேயே தங்கி, தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் நிலைமை வேறு. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே கீழே இறக்க வேண்டும், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கேதான் ஜான்ஸ்கரின் சிக்கல். புர்னேயில் ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று வையுங்கள். மணாலிப் பக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் 5,091 மீட்டர் கணவாயை ஏற வேண்டும். இறக்குவதற்காக ஏற்றுவதா? அது இன்னும் கெடுதல். பதும் பக்கம் போனால் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆனால் அந்த ஊரும் 3,600 மீட்டரை ஒட்டியது. அதாவது, கணவாயைத் தாண்டிவிட்டால் சீக்கிரத்தில் தாழ்வான இடம் எதுவும் கிடையாது. அதனால் கணவாயைத் தாண்டலாமா என்பதை ஜிஸ்பாவில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். காலையில் எழும்போது குழுவில் யாருக்காவது தலைவலி இருந்தால் அன்று புறப்படாதீர்கள். தலைவலி மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவது நாம் நமக்கே செய்துகொள்ளும் துரோகம்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரையை (டயமாக்ஸ் என்ற பெயரில் கடையில் கிடைக்கும்) முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பெரியவர்களுக்குப் பொதுவாக 125 மில்லிகிராம் காலை, இரவு என்று மருத்துவர்கள் தருவார்கள். ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. ஆகவே ஊரிலேயே உங்கள் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் இந்த உயரத்துக்கு வர வேண்டாம். மது, சிகரெட் இரண்டும் இந்த நாள்களில் வேண்டாம்.

இரண்டாம் கட்டம்: ஷிங்கு லா தாண்டி புர்னே

ஜிஸ்பாவிலிருந்து காலை ஆறு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். நேரம் போகப் போகப் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் கூடும். சாலையைக் குறுக்காகக் கடக்கும் ஓடைகளில் மாலையில் வண்டி இறக்குவது டிரைவர்களுக்கே பிடிக்காத வேலை. தார்ச்சாவில் லே நெடுஞ்சாலையை விட்டு இடதுபுறம் பிரிய வேண்டும். அங்கிருந்து கணவாய் உச்சி சுமார் 40 கிலோமீட்டர்.

உச்சியில் மந்திரக் கொடிகள் கட்டியிருப்பார்கள். இறங்கி, படம் எடுத்து, பத்து நிமிடத்தில் வண்டியில் ஏறிவிடுங்கள். ஓடுவது, குதிப்பது, கத்துவது எல்லாம் வேண்டாம். இந்தக் கணவாய்க்கு அடியில் 4.1 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை அமைக்கும் வேலை 2024 ஜூலையில் தொடங்கியது. அது முடிந்தால் இந்த 5,000 மீட்டர் சடங்கும் பழங்கதையாகிவிடும்.

மறுபுறம் இறங்கும்போது கோன்போ ரங்ஜோன் எதிரே வரும். தனியாக, பள்ளத்தாக்கின் நடுவில், ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலை. இப்பகுதி பௌத்தர்களுக்கு அது தெய்வமலை. அதன் மேல் ஏறிப்பார்க்கும் ஆசை வேண்டாம், கீழே நின்று பாருங்கள். பக்கத்தில் சீசனில் டீக்கடைக் கூடாரம் போட்டிருப்பார்கள், மேகி கிடைக்கும்.

அதற்கப்புறம் கர்கியாக், தாங்சே, தெஸ்தா என்று ஊர்கள். ஒவ்வொன்றும் நாலைந்து வயலும் சில வீடுகளும்தான். கர்கியாக் ஆறும் சராப் ஆறும் கலக்கும் இடத்தில் புர்னே. அதுதான் நமக்கு அடிவாரம். உயரம் 3,700-3,800 மீட்டர். ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன, கூடாரம் போட இடமும் தருவார்கள்.

புர்னேயில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் கழிப்பறை. சிரிக்காதீர்கள். லடாக் வீடுகளில் உலர் கழிப்பறைதான். மாடியில் ஓர் அறை, மண் பரப்பிய தரை, நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவியல், அதில் செருகிய ஒரு மண்வாரி. வேலை முடிந்ததும் இரண்டு வாரி மண்ணை ஓட்டையில் தள்ள வேண்டும். கீழே சேர்வது மட்கி, அடுத்த ஆண்டு பார்லி வயலுக்கு உரமாகப் போகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் மட்காது, நாறும். நமக்கோ தண்ணீர் இல்லாமல் முடியாது. ஒரே வழி, காகிதத்தால் துடைத்துவிட்டு, ஈரத் துணியால் சுத்தம் செய்துகொண்டு, அந்தத் துணியைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருவது. சில வீடுகளில் விருந்தினருக்காகத் தண்ணீர் கழிப்பறையும் கட்டியிருக்கிறார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் மனசுக்கு நிம்மதி.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கோ கீரையோ கட்டாயம் கிடைக்கும், சைவர்கள் தாராளமாகச் சமாளிக்கலாம். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனால் உயரத்தில் பசி மந்தமாகும் நாள்களில் கைகொடுக்கும். வீட்டுக்காரர்கள் உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த தேநீர் தருவார்கள். கோப்பையில் கால்வாசித் தேநீர் மிச்சம் இருக்கும்போது வறுத்த பார்லி மாவைக் கொட்டி, விரலாலேயே சுற்றிச் சுற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்துச் சாப்பிடுவார்கள். நீங்களும் செய்து பாருங்கள். முதல் கவளம் விநோதமாக இருக்கும், நடக்கும் நாளில் அதன் அருமை தெரியும். தேநீரைக் கொஞ்சம் குடித்ததுமே திரும்ப நிரப்புவார்கள். போதுமென்றால் கோப்பையை நிறைந்தபடியே வைத்துவிட்டு, எழும்போது குடித்துவிடுங்கள்.

மூன்றாம் கட்டம்: நடை

புர்னேயிலிருந்து புக்தலுக்கு ஆறேழு கிலோமீட்டர். இரண்டு முதல் மூன்று மணி நேரம். ஆற்றின் எதிர்ப்புறம் சா என்ற ஊரிலிருந்தும் பாதை இருக்கிறது, அது இன்னும் குறுகியது. அவசரமில்லாதவர்கள் புர்னே பாதையிலேயே போங்கள். பள்ளத்தாக்கு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வருவதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புவது உத்தமம். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசும். காற்று வீசினால் மேலேயிருந்து சரளைக் கற்கள் உருளும். பாதை பெரும்பாலும் மலைச்சரிவில் வெட்டிய ஒற்றையடித் தடம். ஒரு பக்கம் சரளைச் சரிவு, மறுபக்கம் கீழே ஆறு. கயிறு கட்டி ஏறும் இடமெல்லாம் கிடையாது. ஆனால் சில இடங்களில் தடம் ஓர் ஆள் அகலம்தான், காலடியில் பொடிக்கல் வழுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் போனைப் பையில் போட்டுவிட்டு நடங்கள். எதிரே குதிரை வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், ஆற்றுப்பக்கம் நிற்கவே கூடாது. சுமையோடு வரும் குதிரை உங்களை இடிக்க வேண்டும் என்று நினைக்காது, அதன் முதுகில் இருக்கும் மூட்டைதான் இடிக்கும்.

நடக்கும் வேகம் எப்படி இருக்க வேண்டும்? பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு உடைந்தால் வேகம் அதிகம். நிழலே கிடையாது, கடை கிடையாது. இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உலர்பழம், கடலைமிட்டாய் போதும். கால்பங்குத் தண்ணீரில் ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள்.

வழியில் ஸ்தூபிகளும், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச்சுவர்களும் வரும். அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து போக வேண்டும். நம் கோயிலில் பிரகாரம் சுற்றும் அதே திசைதான், பழக வேண்டியதில்லை. அந்தக் கற்களில் ஒன்றைக்கூட நினைவுக்காக எடுத்துவரக் கூடாது. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் "ஜூலே" என்று சொல்லுங்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான்.

இடையில் ஒரு பாலத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். இந்த ஆற்றுப் பாலங்களுக்கு ஒரு கதை உண்டு. 2014 டிசம்பர் கடைசியில் புக்தலுக்கு மேற்புறமாக மலை சரிந்து ஆற்றை அடைத்துவிட்டது. அடைப்புக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளமான ஏரி உருவானது. மாதக்கணக்கில் எல்லாரும் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்க, 2015 மே மாதம் அடைப்பு உடைந்தது. வெள்ளம் பள்ளத்தாக்கின் பாலங்களையும் பாதைகளையும் அடித்துக்கொண்டு போனது. மடாலயத்துக்குக் கீழே ஆற்றோரம் இருந்த பள்ளிக்கூடமும் தப்பவில்லை. குகையும் மடாலயமும் உயரத்தில் இருந்ததால் பிழைத்தன. ஆற்றிலிருந்து பல மாடி உயரத்தில் பாறையில் வெளுத்த தடங்களைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வளைவுவரை மடாலயம் கண்ணில் படாது. வளைவைத் தாண்டியதும் மொத்தமாகத் தெரியும். அந்த இடத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள். அதற்கப்புறம் இருக்கும் ஏற்றம் குட்டையானதுதான், ஆனால் நடையிலேயே செங்குத்தானது.

மடாலயத்தில்

மடாலயம் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜாங்செம் ஷெராப் சாங்போ என்ற துறவி நிறுவியதாக மரபு. தலாய் லாமா சார்ந்த கெலுக் பிரிவைச் சேர்ந்தது. ஆனால் குகை அதைவிட மிகப் பழமையானது. புத்தரின் நேர்ச்சீடர்களான பதினாறு அர்ஹத்துகள் இங்கே வந்ததாக நம்புகிறார்கள். சுமார் எழுபது துறவிகள் இருக்கிறார்கள். அவர்களில் சின்னப் பையன்களும் உண்டு.

குகைக்குள் ஓர் ஊற்று இருக்கிறது. எந்தப் பருவத்திலும் வற்றாதது என்கிறார்கள். புனித நீர் அது. கை விடவோ பாட்டிலில் பிடிக்கவோ கூடாது. அவர்களே தந்தால் உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளுங்கள். குகைக்கு மேலே பாறையில் ஒற்றை மரம் ஒன்று நிற்கும், அதையும் புனிதமாகவே கருதுகிறார்கள்.

சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை பதித்திருப்பதைப் பார்க்கலாம். ஹங்கேரிக்காரரான சோமா டி கோரோஸ் என்ற அறிஞரின் நினைவாக வைத்தது. தம் இனத்தின் பூர்வீகத்தைத் தேடி ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டவர், பெரும்பாலும் கால்நடையாகவே ஆசியாவுக்கு வந்து, திபெத்திய மொழியில் சிக்கிக்கொண்டார். ஜான்ஸ்கரின் ஸாங்லாவில் 1823-24 குளிர்காலத்தை ஒரு சின்ன அறையில் கழித்து லாமா ஒருவரிடம் பாடம் கேட்டார். பின்னர் 1820களின் நடுவில் புக்தலிலும் தங்கிப் படித்தார். அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி 1834இல் கல்கத்தாவில் அச்சானது. மின்சாரமும் இல்லாத, சாலையும் இல்லாத இந்தப் பாறையில் உட்கார்ந்து அகராதிக்குச் சொல் சேர்த்த மனிதரை நினைத்தால், போனில் சிக்னல் இல்லை என்று நாம் புலம்புவது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

நடைமுறைகள் எளியவை. தோள், முழங்கால் மூடிய உடை. சன்னதிக்குள் போகும்போது காலணி, தொப்பி கழற்ற வேண்டும். துறவிகளின் இருக்கைகளைத் தாண்டிக் கால் வைக்காமல் சுவரோரமாக இடமிருந்து வலமாகச் சுற்றுங்கள். உட்காரும்போது சிலையை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. காவல் தெய்வங்கள் இருக்கும் அறைக்குள் பல மடாலயங்களில் படமெடுக்க விடுவதில்லை, சில இடங்களில் பெண்களையும் அனுமதிப்பதில்லை, வாசலிலேயே கேட்டுவிடுங்கள். சிறுவர்களுக்கு மிட்டாய் விநியோகிக்காதீர்கள். பணமாகக் கொடுக்க விரும்பினால் உண்டியல் இருக்கிறது. ட்ரோன் கொண்டுவந்து பிரார்த்தனை நேரத்தில் தலைக்கு மேலே ரீங்காரம் விடுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

பெரும்பாலானவர்கள் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, படமெடுத்துக்கொண்டு, புர்னேக்குத் திரும்பிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து அப்படிச் செய்வது எனக்குப் புரியாத விஷயம். மடாலயத்தின் விருந்தினர் இல்லத்தில் இடம் கிடைத்தால் ஓர் இரவு தங்குங்கள். பகல் கூட்டம் போன பிறகுதான் துறவிகள் ஓய்வாகப் பேசுவார்கள். விடியற்காலைப் பூஜைக்குப் போய், வாசல் பக்கச் சுவரோரமாக உட்காருங்கள். முதலில் அடித்தொண்டையில் ஓதும் சத்தம் மட்டும் இருக்கும். பிறகு முரசும் தாளமும் சேரும், நீளக் கொம்பு முழங்கும்போது உட்கார்ந்திருக்கும் பலகை அதிரும். நடுவில் ஒரு பையன் பெரிய கெட்டிலோடு வந்து வரிசையாகத் தேநீர் ஊற்றுவான். உங்களுக்கும் ஊற்றுவான், ஆகவே போகும்போது ஒரு டம்ளர் கொண்டுபோங்கள்.

பையில் என்னென்ன

கணுக்கால்வரை பிடிக்கும், அடிப்பகுதி நன்கு பற்றும் ஷூ. புதிதாக வாங்கினால் ஊரிலேயே சில வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். ஊன்றுகோல் ஒன்று, இறக்கத்தில் முட்டியைக் காப்பாற்றும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, உள்ளே தெர்மல், நடுவில் பிளீஸ், மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு நல்லது. இரவுக்கு ஒரு டவுன் ஜாக்கெட். கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்குக் களிம்பு, புழுதிக்கு ஒரு துண்டு. தலையில் மாட்டும் டார்ச். பவர் பேங்க் குளிரில் சீக்கிரம் இறங்கும், இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இருந்தாலும் லுங்நாக்கில் சிக்னலை நம்ப வேண்டாம். வீட்டில் "இரண்டு மூன்று நாள் போன் வராது, பயப்படாதீர்கள்" என்று ஜிஸ்பாவிலிருந்தே சொல்லிவிடுங்கள். செலவுக்கு முழுவதும் ரொக்கமாக, சில்லறை நோட்டாக. இந்தியர்களுக்கு இந்த வழியில் தனி அனுமதிச்சீட்டு தேவையில்லை, ஆதார் போன்ற அடையாள அட்டை மட்டும் கையில் இருக்கட்டும். கொண்டுபோகும் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மணாலிவரை திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் குப்பை வண்டி வராது.

திரும்பும் வழி

வந்த வழியே ஷிங்கு லா ஏறித் திரும்பலாம். இதற்குள் உடம்பு பழகியிருக்கும், கணவாய் இரண்டாம் முறை அவ்வளவு படுத்தாது. ஆனால் திரும்பும் திட்டத்தில் ஓர் உபரி நாள் கட்டாயம் வையுங்கள். செப்டம்பரிலும் கணவாயில் திடீரெனப் பனி விழும், கீழே மண்டிப் பக்கம் சாலை அடைபடும். டெல்லி விமானத்தைத் திரும்பி வரும் நாளுக்கே பதிவு செய்துவிட்டு, கணவாயில் சிக்கிய வண்டிக்குள் உட்கார்ந்து டிரைவரை விரட்டுவது யாருக்கும் நல்லதில்லை.

அந்த உபரி நாள் மிச்சமானால் பதும் பக்கம் போங்கள். ஜான்ஸ்கரிலேயே பெரிய மடாலயமான கர்ஷா அங்கேதான் இருக்கிறது, சோமா டி கோரோஸ் குளிர்காலம் கழித்த ஸாங்லா கோட்டையும் அதே பக்கம்தான். இரண்டையும் ஒரே நாளில் வண்டியில் பார்த்துவிட்டு இரவு பதுமிலேயே தங்கலாம். அங்கிருந்து ஷேர் டாக்ஸியில் இடம் வேண்டுமென்றால் முதல் நாள் மாலையே ஸ்டாண்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள். காலையில் போய்க் கேட்டால் இடம் கிடைப்பது சந்தேகம்தான்.